எந்தக் கப்? பருப்பை அளக்கச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

சமையல் குறிப்பு எழுதுவோருக்கும், அவற்றை அச்சேற்றும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும், அடுப்பு மேடையில் கேமராவை நிறுத்திச் சமைத்துக் காட்டுவோருக்கும்



"கடலைப்பருப்பு – 1 கப்" என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். வடை சுடப் போகிறவர் அந்த முதல் வரியிலேயே நிற்கிறார். அவர் கையில் இருப்பது அரைக் கிலோ பாக்கெட். அலமாரியில் இருப்பவை காப்பி டம்ளர், மோர் டம்ளர், கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுத்த எவர்சில்வர் கிண்ணம், ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை. இவற்றில் உங்கள் கப் எது? அரைக் கிலோவில் எத்தனை கப் வரும்? ஒரு கப் என்பது ஊறப்போடும் முன்பா, ஊறிய பின்பா? மூன்றுக்கும் குறிப்பில் பதில் இல்லை.

பழகிய கை எப்படியும் சமாளித்துவிடும். ஆனால் பழகிய கை குறிப்பைத் தேடுவதில்லை. உங்களைப் படிப்பவர்கள் புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள், விடுதிச் சாப்பாடு அலுத்துப்போய் அறை எடுத்துச் சமைக்கும் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அடுப்படிக்குள் நுழைந்த பெரியவர்கள், டொராண்டோவிலும் சிட்னியிலும் அம்மாவின் சுண்டலை நினைத்துக்கொண்டு டின்னைத் திறப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். நான் சமையல் நிபுணர் அல்ல. உங்கள் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்கும் வாசகி. கேட்பதும் பெரிய வரமல்ல. பருப்பு, பயறு வகைகளுக்கு மட்டுமாவது எடையையும் அளவையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான்.

முதலில் கப் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. உணவுப் பாக்கெட்டுகளின் சத்து விவரத்துக்காக அங்கே அதையே 240 என்று வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஜப்பானியச் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் குவளை 180. அது அரிசி அளக்க ஜப்பானில் இருந்த பழைய அளவு, குக்கரோடு நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நம் ஊர் டம்ளருக்கோ வரையறையே கிடையாது. பாத்திரக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் டம்ளர்.

இப்போது துவரம்பருப்பு "ஒரு கப்" என்று வையுங்கள். 180 மில்லிக் குவளையில் அது ஏறக்குறைய 155 கிராம். 250 மில்லிக் கப்பில் 215 கிராம். இடையில் 60 கிராம் வித்தியாசம். இரண்டு பேர் சாம்பாருக்குப் போதுமான பருப்பு அது. புளியும் உப்பும் மிளகாய்ப்பொடியும் நீங்கள் சொன்னபடி போட்டு, பருப்பு மட்டும் இந்தக் கணக்கில் கூடிக் குறைந்தால், ஒரு வீட்டில் சாம்பார் ரசமாகிறது. இன்னொரு வீட்டில் கூட்டாகிறது. இரண்டு வீட்டிலும் பழி உங்கள் குறிப்பின் மேல்தான் விழும்.

அளந்து சமைப்பது நமக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் நாம் நிறுத்தவர்கள் அல்ல, அளந்தவர்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பெருகிக்கொண்டே போகும் வாய்ப்பாடு அது. ஆழாக்கு என்றால் அரைக்கால் படி, உழக்கு என்றால் கால் படி. கணக்குப் புத்தகம் பார்க்காத பாட்டிக்கும் இது தலைகீழ்ப் பாடம்.

அந்தக் காலத்துக் கணக்கர்கள் இன்னொன்றும் தெரிந்துவைத்திருந்தார்கள். கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு மரபில் ஒரு படிக்கு எத்தனை மணி என்று பட்டியலே உண்டு. நெல் 14,400. மிளகு 12,800. பயறு 14,800. அவரை 1,800. எள் 1,15,200. நெல்லுக்குச் சொன்ன எண் சும்மா வந்ததல்ல: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி, பெருக்கினால் 14,400 சரியாக வரும். ஒவ்வொரு தானியமும் ஒரு பாத்திரத்தை வேறு விதமாக நிரப்பும், எல்லாவற்றுக்கும் ஒரே எண் செல்லாது என்ற அறிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இன்று நீங்கள் அவரைக்கும் பயறுக்கும் ஒரே "200 கிராம் அல்லது 1 கப்" போட்டுவிட்டு நகரும்போது காணாமல்போவது அந்த அறிவுதான்.

படியும் ஊருக்கு ஊர் ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். பட்டணம் படி என்று ஒன்று, சின்னப்படி என்று ஒன்று, தலைதட்டி அளக்கும் படி, கோபுரமாகக் குவித்து அளக்கும் படி என்று வகைகள். ஆழாக்கை 168 மில்லி என்று பட்டியல் போட்டவர்கள் உண்டு. 200 மில்லி என்று வைத்துச் சமைப்பவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டும் கொத்தும் வேறு கணக்கு. நாலு சுண்டு ஒரு கொத்து. ஆனால் ஒரு ஊருக்குள், ஒரு கடைத்தெருவுக்குள் எந்தப் படி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைக்காரர் அளந்து கொடுத்த படியும் வீட்டில் அளந்து உலையில் போட்ட ஆழாக்கும் ஒரே வாய்ப்பாட்டில் இருந்தன. அதனால் மாற்றிக் கணக்கிடும் வேலையே இல்லை.

அந்தத் தொடர்பு அறுந்தது மெட்ரிக் முறை வந்தபோது. 1956இல் இந்தியாவில் எடை, அளவுகளுக்கான தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி 1960களின் தொடக்கத்துக்குள் பலம், வீசை, மணங்கு என்ற பழைய எடைகள் கடைகளிலிருந்து போயின. படியில் அளந்த பருப்பும் கிலோவுக்கு மாறியது. நல்ல காரியம்தான். ஊருக்கு ஊர் படி மாறும் ஏமாற்று அதோடு ஒழிந்தது. ஆனால் மாற்றம் கடை வாசலோடு நின்றுவிட்டது, அடுப்படிக்குள் வரவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல், இந்தச் சட்டத்துக்கு முன்பே, பழைய அளவுகள் புழங்கிய காலத்தில் வந்த சமையல் புத்தகம். அந்தப் பழைய அளவுகளைத் தெரிந்த தலைமுறை இருந்தவரை கவலையில்லை. இன்று கடையில் கிராம், வீட்டில் டம்ளர், குறிப்பில் கப். மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் நின்று மொழிபெயர்க்கவேண்டியவர் நீங்கள்.

அப்படியானால் கப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கிராமில் எழுதிவிடலாமா? கூடாது. அது இன்னொரு கோடிக்குப் போவது. அளவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. விகிதத்தைச் சொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால், நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. டம்ளர் 150 மில்லியாக இருந்தாலும் 250 மில்லியாக இருந்தாலும் இட்லி கெடாது. ஒரே டம்ளரால் எல்லாவற்றையும் அளந்தால் போதும். அடைக்கு அரிசியும் துவரையும் கடலையும் உளுந்தும் சேர்ப்பதும் அப்படித்தான். எந்தத் தராசும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக மாவு பொங்கி வந்தது இந்த விகிதத்தால். ஆயுத பூசைக்குப் பொரியை இன்றும் படியில்தான் அளக்கிறார்கள். பொரியை நிறுத்து வாங்கி யாருக்கு என்ன புரியப்போகிறது?

வம்பு எங்கே வருகிறதென்றால், அளவில் சொன்ன விகிதத்தை அப்படியே எடையில் எடுத்துக்கொள்ளும்போது. இட்லிக் கணக்கையே பாருங்கள். 200 மில்லி டம்ளரில் அரிசி 155 முதல் 160 கிராம் பிடிக்கும். உளுந்து 175 கிராம் பிடிக்கும். நாலு டம்ளர் அரிசி என்பது சுமார் 630 கிராம். அதை எடையில் நாலாக வகுத்தால் உளுந்து 157 கிராம்தான் வரும். டம்ளரில் அளந்திருந்தால் 175. ஒன்றரை மேசைக்கரண்டி உளுந்து குறைந்துபோகிறது. நல்ல புது உளுந்தாக இருந்தால் இட்லி பிழைத்துக்கொள்ளும். பழைய உளுந்தும் மார்கழிக் குளிரும் சேர்ந்துகொண்டால் தட்டையாகத்தான் வரும்.

இட்லி மன்னிக்கும், மைசூர் பாகு மன்னிக்காது. ஒரு கிண்ணம் கடலை மாவுக்கு இரண்டு கிண்ணம் சர்க்கரை என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. இது கிண்ணக் கணக்கு. 237 மில்லிக் கப்பில் கடலை மாவு 92 கிராம்தான் இருக்கும். சர்க்கரையோ அதே கப்பில் 200 கிராம். அப்படியென்றால் 100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 435 கிராம் சர்க்கரை. இதை அறியாமல் "ஒன்றுக்கு இரண்டு" என்பதைத் தராசுக்குக் கொண்டுபோய் 100 கிராம் மாவுக்கு 200 கிராம் சர்க்கரை போட்டால், வேண்டியதில் பாதிகூட இல்லை. அத்தனை மாவையும் தாங்க அந்தப் பாகால் முடியாது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு, நெய்யும் போய், மாவும் போய், வாணலியைச் சுரண்டிக்கொண்டு நிற்பவரிடம் போய் விகிதம் சரிதான் என்று வாதாட முடியுமா?

ஆகவே என் கட்சி இதுதான். விகிதத்துக்கு அளவு, மொத்தத்துக்கு எடை. எத்தனைக்கு எத்தனை என்பதைக் கப்பில் சொல்லுங்கள். எவ்வளவு வாங்குவது, எத்தனை பேருக்குக் காணும் என்பதைக் கிராமில் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்தந்தப் பயறுக்கு உரிய எண்ணைப் போடுங்கள்.

அந்த எண் பயறுக்குப் பயறு ஏன் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது சுவாரசியமானது. 200 மில்லி டம்ளரில் கொண்டைக்கடலையைத் தலைதட்டி நிரப்புங்கள். டம்ளர் நிறைந்துவிட்டது, இனி இடமில்லை. இப்போது அளவுக் குவளையில் தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்றுங்கள். விளிம்பைத் தொடுவதற்குள் 70, 80 மில்லி தண்ணீர் உள்ளே போயிருக்கும். கடலை ஊறித் தண்ணீரைக் குடிக்க இன்னும் நேரமாகவில்லை. அவ்வளவும் கடலைக்கு நடுவே இருந்த வெற்றிடம். நீங்கள் "ஒரு டம்ளர் கடலை" என்று சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் காற்று.

ஒரே அளவுள்ள உருண்டைகளைக் கொட்டிக் குலுக்கினால் அவை இடத்தில் ஏறக்குறைய 64 சதவீதத்தை நிரப்பும். பழக்கடைக்காரர் சாத்துக்குடியை அடுக்குவதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கினால் 74 சதவீதம் வரை போகலாம். அதற்குமேல் யாராலும் முடியாது. இதை 1611இல் வானியலாளர் கெப்ளர் ஊகித்தார். கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தது 1998இல்தான். வேடிக்கை என்னவென்றால், உருண்டை பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வராது. பாத்திரம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் பட்டாணியும் கொண்டைக்கடலையும் ஒரே பங்கு இடத்தைத்தான் நிரப்பும். வடிவம் மாறினால்தான் கணக்கு மாறுகிறது. வளைந்த உடம்புள்ள காராமணி ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. பெரிய மணியைச் சின்ன டம்ளரில் போட்டாலும் கணக்கு மாறும். சுவரோரம் இடைவெளி விட்டு நிற்கும். ராஜ்மாவைக் காப்பி டம்ளரில் அளப்பதற்கும் பெரிய படியில் அளப்பதற்கும் வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணை ஒவ்வொரு பயறுக்கும் கப்புக்கு இத்தனை கிராம் என்று தருகிறது. அவர்கள் கப்பை நம் டம்ளருக்கு மாற்றி, ஐந்து கிராமுக்கு ஒட்டவைத்துக் கீழே தருகிறேன். முழுப் பயறு, காய்ந்தது, தலைதட்டி அளந்தது என்று கொள்ளுங்கள். முதல் எண் 200 மில்லி டம்ளருக்கு, அடுத்தது 250 மில்லிக் கப்புக்கு.

உளுந்து, பாசிப்பயறு: 175 கிராம், 220 கிராம்
துவரை: 175 கிராம், 215 கிராம்
கொண்டைக்கடலை: 170 கிராம், 210 கிராம்
மைசூர்ப் பருப்பு: 160 கிராம், 205 கிராம்
ராஜ்மா: 155 கிராம், 195 கிராம்
காராமணி: 140 கிராம், 175 கிராம்
வேர்க்கடலை: 125 கிராம், 155 கிராம்
கடலை மாவு: 80 கிராம், 95 கிராம்

உளுந்தும் காராமணியும் ஒரே டம்ளரில் 35 கிராம் விலகி நிற்பதைக் கவனியுங்கள். "200 கிராம், அதாவது ஒரு டம்ளர்" என்று இரண்டுக்கும் எழுதினால் இரண்டும் தப்பு: உளுந்து ஒரு டம்ளரும் கொசுறும் வேண்டும், காராமணி ஒன்றரை டம்ளரை நெருங்கும். கடைசி வரியில் உள்ள கடலை மாவு எல்லாவற்றையும்விட ஆபத்தானது. சலித்து மெதுவாகப் போட்டால்தான் இந்த எடை. டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 250 மில்லிக் கப்பில் 120 கிராமைத் தாண்டிவிடும். மாவுக்கு மட்டுமாவது எடையைக் கட்டாயமாக்குங்கள்.

தலைதட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம்தான் தலைதட்டிய கப், தலைதட்டிய கரண்டி என்பதை வீட்டுச் சமையலில் பரப்பியது என்பார்கள். நம் கடைத்தெருவில் நெல் அளந்தவர்களுக்கு அது எப்போதோ தெரிந்த சங்கதி. படியின் வாயைக் கையாலோ குச்சியாலோ வழித்துவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்குப் போவார்கள். நீங்கள் மட்டும் தலைதட்டா, கோபுரமா என்று சொல்வதில்லை. ஏழு சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரில் பருப்பைக் குவித்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாகக் கூடும். அதே பருப்பை வாய் அகன்ற 250 மில்லிக் கிண்ணத்தில் குவித்தால் கால் பங்குவரை கூடிவிடும். வாய் அகல அகல கோபுரமும் பெரிதாகும். கல்யாண வீட்டுக் கிண்ணத்தில் அளப்பவர் ஒன்றேகால் கப் போட்டுவிட்டு ஒரு கப் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இனி எல்லாவற்றிலும் பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். ஊறியதா, காய்ந்ததா, வெந்ததா?

காய்ந்த கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறினால் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான தண்ணீரைக் குடித்துவிடும். அளவிலோ இரண்டிலிருந்து இரண்டரை மடங்காகும். வெந்தபின் மூன்று மடங்கை நெருங்கும். காய்ந்த கடலை 250 மில்லிக் கப்பில் 210 கிராம் என்றேன். வெந்த கடலை அதே கப்பில் 175 கிராம்தான், ஏனென்றால் தண்ணீர் குடித்துப் பருத்த மணியின் அடர்த்தி காய்ந்ததைவிடக் குறைவு. ஆக "கொண்டைக்கடலை – 1 கப்" என்ற வரிக்கு மூன்று பொருள் கொள்ளலாம். மசாலாவுக்கு நீங்கள் மனதில் வைத்தது வெந்த கடலை ஒரு கப். படிப்பவர் ஊறப்போட்டது காய்ந்த கடலை ஒரு கப். வெங்காயமும் தக்காளியும் நீங்கள் சொன்ன கணக்கில், கடலை மட்டும் மூன்று பங்கு. அது சன்னா மசாலா இல்லை, சன்னாவின் மேல் தெளித்த மசாலா.

நவராத்திரி வந்தால் இதன் விபரீதம் புரியும். கொலுவுக்கு வரும் இருபது பேருக்குச் சுண்டல் என்றால் எவ்வளவு ஊறப்போடுவது? ஆளுக்கு அரைக் கப் வெந்த சுண்டல் தருவதானால் பத்துக் கப் வேண்டும். காய்ந்த கடலையில் அது மூன்றரைக் கப். எடையில் முக்கால் கிலோ. குறிப்பின் ஓரத்தில் இந்த ஒரு வரி இருந்தால் போதும். கடைக்குப் போகிறவர் ஒரு கிலோ பாக்கெட் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்புவார். இல்லாவிட்டால் பத்துக் கப் கடலையை ஊறப்போட்டு, மறுநாள் காலையில் வீட்டிலுள்ள அண்டா, குண்டான் எல்லாவற்றையும் கீழே இறக்குவார். தேங்காயும் உப்பும்கூட இதோடு போகின்றன. உப்பு வெந்தபின் உள்ள மொத்தத்துக்கு. ஊறப்போட்ட அளவுக்கு அல்ல.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். அங்கே பலரும் டின்னில் அடைத்த கடலையை வாங்குகிறார்கள். 400 கிராம் டின் என்று மேலே போட்டிருந்தாலும் தண்ணீரை வடித்தால் கையில் நிற்பது சுமார் 240 கிராம். காய்ந்த கடலையாகச் சொன்னால் அது 100 கிராமை ஒட்டியது. "ஒரு டின் அல்லது 100 கிராம் காய்ந்தது" என்று நீங்கள் எழுதினால் லண்டனில் இருப்பவரும் லால்குடியில் இருப்பவரும் ஒரே குழம்பு வைக்கலாம்.

பிரஷர் குக்கருக்கும் இதில் பங்கு உண்டு. பருப்பு பொங்கி நுரைக்கும், பயறு பருக்கும். அதனால் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொது எச்சரிக்கை. காய்ந்த பருப்பின் அளவும் அதற்கு ஊற்றும் தண்ணீரின் அளவும் ஒரே கப்பில் சொல்லப்பட்டால்தான், மூன்று லிட்டர் குக்கர் வைத்திருப்பவர் தன் பாத்திரம் தாங்குமா என்று பார்க்க முடியும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

குறிப்புத் தொகுதியின் முதல் பக்கத்திலோ, காணொளியின் தொடக்கத்திலோ, உங்கள் கப் எத்தனை மில்லி என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். 200 என்றால் 200, 250 என்றால் 250. எதுவானாலும் சரி, ஆனால் ஒரே புத்தகத்தில் மாற்றாதீர்கள். பல பேர் எழுதும் பத்திரிகையானால் இந்தப் பொறுப்பு ஆசிரியருடையது. மெய்ப்புத் திருத்துபவர் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கும் கண்ணோடு இதையும் பார்க்கவேண்டும்.

பருப்பு, பயறு எதுவானாலும் மூன்று விவரத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: "கொண்டைக்கடலை – 1 கப், காய்ந்தது, 210 கிராம்." இதற்கு மேல் நீளம் வேண்டாம். வெந்தது என்றால் "வெந்த கொண்டைக்கடலை – 1 கப், காய்ந்ததில் 70 கிராம்" என்று எழுதுங்கள். அச்சில் கூடுவது நாலு சொல்.

தாளிக்கும் பருப்புக்கு இந்தச் சட்டம் வேண்டாம். ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு நாலு கிராம்தான் வரும். அதை நிறுக்கச் சொல்வது வாசகரைக் கேலி செய்வது. கரண்டியில் சொல்வது கரண்டியிலேயே இருக்கட்டும். அடைக்குப் போடும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் அப்படியே இருக்கட்டும். கூடினாலும் குறைந்தாலும் அடை அடையாகவே வரும்.

எடை எழுத உங்களுக்குத் தராசு வேண்டும். வாங்கிவிடுங்கள், குறிப்பு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு அது பேனாவைப் போன்ற கருவி. ஆனால் வாசகரைத் தராசு வாங்கச் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தராசில்லாத வழி ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த வழி இது. அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி, வீட்டில் வழக்கமாக அளக்கும் டம்ளரில் ஊற்றிப் பார்க்கவேண்டும். இரண்டரை டம்ளர் நிறைந்தால் டம்ளர் 200 மில்லி. இரண்டே நிறைந்தால் 250. மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் சுமார் 160. அடுத்து, புதிதாக வாங்கிய அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை டப்பாவில் கொட்டும்போது அதே டம்ளரால் தலைதட்டி அளந்து கொட்டவேண்டும். மூன்று டம்ளர் வந்தால் டம்ளருக்கு 167 கிராம், அவ்வளவுதான் கணக்கு. வந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிட்டால் அந்த வீட்டில் அந்தப் பருப்புக்கு இனி யாரும் கணக்குப் போடவேண்டாம். மொச்சை மேலே உள்ள பட்டியலில் இல்லை, உடைத்த பருப்புக்கு அது தோராயமாகத்தான் பொருந்தும். இந்த முறை உதவும். ரேஷன் கடையில் வாங்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு 200 மில்லி டம்ளரில் ஏறக்குறைய ஆறு டம்ளர். நாளைக்கு அரை டம்ளர் பருப்பு வேகும் வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் வரும். மாதக் கடைசியில் பருப்பு ஏன் தீர்ந்தது என்ற கேள்விக்கும் விடை அந்த மூடிக்குள் இருக்கும்.

இதெல்லாம் கைப்பக்குவத்தைக் கெடுத்துவிடாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கைப்பக்குவம் குறிப்பில் எழுத முடியாதது. அது இருப்பவர்களுக்கு இருக்கட்டும். குறிப்பில் எழுத முடிந்தது அளவு மட்டுமே. எழுத முடிந்ததையும் எழுதாமல் விட்டுவிட்டு, வராததைக் கைப்பக்குவத்தின் தலையில் போடுவது நியாயமில்லை. அளவு சரியாக இருந்தால் புதிதாகச் சமைப்பவருக்கு மற்றவற்றைக் கவனிக்க மனம் மிஞ்சும்: தாளிதத்தில் கடுகு வெடித்ததா, பருப்பு குழைந்ததா, வடையின் ஓரம் சிவந்ததா. பக்குவம் அப்படித்தான் கைக்கு வரும்.

கடைக்காரர் கிராமுக்குக் கணக்குச் சொல்கிறார். சட்டம் அவரைச் சொல்லவைக்கிறது. உங்களைக் கேட்கச் சட்டம் இல்லை, வாசகர்கள்தான் இருக்கிறோம். அடுத்த இதழுக்கு நீங்கள் அனுப்பப்போகும் குறிப்பில், "1 கப்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, எந்தக் கப், எத்தனை கிராம், காய்ந்ததா வெந்ததா என்று மூன்றையும் எழுதிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்கும் ஒரு வாசகி